‘வாங்க’ என்று கூப்பிட்ட இடம்

நன்னடத்தை அலுவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி பயிற்சி நிலையத்தில் கேட்டார்கள். நேரில் வந்து பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதியே தருகிறேன். சட்டப்பிரிவுகளை நடத்த வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு குற்றத்தில் மாட்டிய ஆளைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் வெளியே விடுகிறது. அவன் அப்படி இருக்கிறானா என்று பார்ப்பது நாம். நம் உத்தியோகத்தைப் பற்றி இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

திருடியவர்கள், அடிதடியில் இறங்கியவர்கள் என்று நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். உங்கள் மேசைக்கு இனி அதிகம் வரப்போவது வேறு மாதிரிப் பையன்கள். ஏதோ ஒரு படை, ஏதோ ஒரு பேரவை, கழுத்தில் ஒரு துண்டு, செல்போனில் ஒரு தலைவரின் பேச்சு. அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒருவன் கதைதான் முழுசாக இருக்கிறது. அவன் பெயரைக் குணசேகரன் என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன். அந்த அமைப்பின் பெயரையும், எந்தச் சாதியின் பெயரால் அது நடந்தது என்பதையும் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் ‘எங்க ஆளுங்க அப்படி இல்லை’ என்பீர்கள், மீதிப் பேர் ‘அவனுங்க அப்படித்தான்’ என்பீர்கள். இரண்டும் நம் வேலைக்கு உதவாது.

நாமக்கல்லில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பெண் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பது, டைப் அடித்துத் தருவது, இதுதான் அவர் பிழைப்பு. வேறு வேறு சாதியைச் சேர்ந்த ஒரு பையனும் பெண்ணும் கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்தபோது, எல்லோருக்கும் செய்வதுபோல அவர்களுக்கும் விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தார். மறுநாள் ஒரு கூட்டம் வந்து கடையின் மேல் கல்லெறிந்தது. கண்ணாடிக் கதவு உடைந்து அவருடைய வலது கையைக் கிழித்துவிட்டது. தையல் பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

யார் எறிந்த கல் கதவில் பட்டது என்று யாருக்கும் தெரியாது. தானும் எறிந்ததாகக் குணசேகரன் ஒப்புக்கொண்டான். அந்தக் கூட்டத்தை அனுப்பி வைத்த தலைவர் அன்று வெளியூரில் இருந்தார், வழக்கம்போல. மற்றவர்கள் வயதில் மூத்தவர்கள். அவர்கள் தண்டனை பெற்று அப்பீலுக்குப் போனார்கள். இவனுக்கு இருபது வயது என்பதால், சிறைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நீதிமன்றம் என்னிடம் அறிக்கை கேட்டது.

தம்மம்பட்டிப் பக்கம் அவன் வீட்டுக்குப் போனேன். குடிகார அப்பா, ஓடிப்போன அம்மா, ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நீங்களும் அப்படித்தான் போவீர்கள். குத்தகைக் காட்டில் மரவள்ளி போட்டிருந்த அப்பா வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தங்கை நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் அடித்ததில்லை. ‘குடும்பச் சூழல்’ என்று அறிக்கையில் ஒரு தலைப்பு உண்டே, அதன் கீழே எழுத எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கிளம்பும்போது அவன் அம்மா வாசல் வரை வந்தார்.

“நாமக்கல்லு போன பொறவு அவன் பேச்சே மாறிப்போச்சும்மா. போன் பண்ணா எங்கிட்டயே ‘சொல்லுங்கம்மா, சாப்ட்டீங்களா’ங்கறான். நான் என்னா அவனுக்கு அசலாளா?” என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

மகன் மரியாதையாகப் பேசுவதற்கு ஒரு தாய் அழுவாளா என்று நான் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். சேலத்துக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இது புரியும். ஆத்தூர், தம்மம்பட்டிப் பக்கம் பெற்ற தாயை, சொந்த மாமனை, ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது பாசம். நாமக்கல், திருச்செங்கோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு ‘ங்க’ வைக்காமல் யாரும் பேசமாட்டார்கள். சின்னக் குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடுகிற ஊர். ஒரே மாவட்டமாக இருந்த ஊர்கள்தான். ஆனால் அந்த ஒரு ‘ங்க’வில் ஒரு பையன் மாட்டிக்கொண்டான்.

அடுத்த முறை அவனைப் பார்த்தபோது வழக்கைப் பற்றிப் பேசவில்லை. எப்போதிலிருந்து இப்படிப் பேசுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். முதலில் விழித்தான், பிறகு சொன்னான்.

பதினெட்டு வயதில் நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வேலைக்கு வந்திருக்கிறான். வந்த புதிதில், வண்டி பார்க்க வந்த ஒரு வயதான லாரி முதலாளியிடம், ஊரில் தன் தாத்தாவிடம் கேட்பதுபோல, சிரித்துக்கொண்டே “எப்ப வந்த? சாப்டியா?” என்று கேட்டுவிட்டான். அன்பாகத்தான் கேட்டான். அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்தார். பட்டறை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு ஒரு பெயிண்டர், பிரகாஷ் என்று பெயர், ‘டேய் தம்மம்பட்டி, மரியாதை தெரியாத ஊரா உங்க ஊரு’ என்று கேட்டான். அதிலிருந்து அவனுக்குப் பெயர் தம்மம்பட்டிதான். ‘டேய் தம்மம்பட்டி, ஸ்பேனர் எடு. டேய் தம்மம்பட்டி, டீ வாங்கிட்டு வா.’ அவன் பெயர் என்ன என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்று அவன் பேச்சையே குறைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு நாள் திருச்செங்கோடு சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் அந்த அமைப்பின் அறைக்குப் போயிருக்கிறான். பட்டறைக்குத் தகரம் கொண்டுவந்த ஒரு டிரைவர் கூட்டிப்போனார். மாடிப்படி ஏறியதும் உள்ளேயிருந்து அந்தத் தலைவரே எழுந்து நின்று, “வாங்க குணசேகரன், உக்காருங்க” என்றாராம்.

இதைச் சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வழக்கு, வாய்தா, பெற்றோரின் அவமானம், எல்லாம் அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துவிட்டது. “முழுப் பேரச் சொல்லிங்க மேடம்” என்றான். “எழுந்து நின்னுங்க.”

‘மூளைச்சலவை’ என்ற சொல்லை உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிகிறது. அங்கே யாரும் எதையும் சலவை செய்யவில்லை. உட்கார நாற்காலி கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், தங்கியிருந்த ரூமில் அவன் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது இட்லி வாங்கி வந்தார்கள். எப்படிப் பேச வேண்டும் என்று சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். கொள்கை எல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக வந்தது. ‘நம்ம புள்ளைகளை நாமதான் காப்பாத்தோணும்’ என்று தலைவர் மேடையில் பேசியபோது இவன் காதில் விழுந்தது ‘நம்ம’ என்ற சொல். யாரிடமிருந்து காப்பாற்றுவது, எதற்குக் காப்பாற்றுவது என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘நம்ம’விலிருந்து வெளியே போக வேண்டியிருக்கும். கையில் கல்லைக் கொடுத்தபோதும் அதனால்தான் வாங்கிக்கொண்டான்.

நானும் அவனோடு வாதாடிப் பார்த்தேன். சட்டம் சொன்னேன், சரித்திரம் சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வைத்திருந்தான். சக அலுவலர் ஒருவர் அவனைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரின் கூட்டத்துக்கு அனுப்பச் சொன்னார். அவனும் போய்விட்டு வந்து, “எங்க அண்ணன் அளவுக்குப் பேசலீங்க” என்றான். தலைவரை அவன் அண்ணன் என்றுதான் சொல்வான். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். தலைவரின் கொள்கையைச் சொல்லும்போது அவன் பேச்சு தலைவருடைய பேச்சாக இருந்தது. ‘சொல்லிப்போடுங்க’, ‘வாரேனுங்க’, எல்லாம் அச்சு அசல். அவன் அப்பாவின் மரவள்ளிக்காட்டைப் பற்றிக் கேட்டால் தன்னையறியாமல் தம்மம்பட்டிக்காரனாகிவிடுவான். “கெழங்கு இந்த வருசம் பரவால்ல மேடம், மாவுப்பூச்சி வராம இருந்தா போதும்.” அந்தக் குரல் குணசேகரனுடையது. அது உள்ளே உயிரோடு இருக்கும்வரை நமக்கு வேலை இருக்கிறது என்று நினைத்தேன். அதனால் சிறை வேண்டாம் என்று அறிக்கை எழுதினேன்.

அறிக்கையைப் படித்த மாஜிஸ்திரேட் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசாதவர். நான் பரிந்துரைத்திருந்த நிபந்தனைகளில் முதலாவது, அந்த அமைப்பின் ஆட்களோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது என்பது. அதன் மேல் பேனாவை வைத்தார்.

“எங்க போகக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. சாயந்தரம் ஆறு மணிக்குப் பட்டறை விட்டா அவன் எங்க போவான்?”

“ரூமுக்குப் போவான் சார்.”

“ரூம்ல யார் இருக்காங்க?”

கேட்டுவிட்டு அவரே, வாரம் ஒரு நாள் மாலை அவன் என் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று நிபந்தனையில் சேர்த்தார். அப்படித்தான் திங்கட்கிழமை மாலைகள் ஆரம்பித்தன. எனக்கு அலுவலகம் நாமக்கல்லில், வீடு சேலம் சூரமங்கலத்தில். வழக்கமான பேருந்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று முதலில் முணுமுணுத்தேன்.

முதல் சில மாதங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவான். பிறகு டீ குடித்தான். பிறகு எங்கள் அலுவலகக் கதவு தரையில் இழுபடுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் தானே கழற்றி இழைத்து மாட்டினான். அலுவலக உதவியாளர் அம்மா அவனுக்காக முறுக்கு வைத்திருப்பார். நான் அவனுக்கு உபதேசம் செய்வதை நிறுத்திவிட்டேன். தங்கை எந்த மருத்துவமனையில் பயிற்சிக்குப் போகிறாள், பட்டறையில் எந்த ஊர் வண்டி நிற்கிறது, இந்த மாதிரிதான் பேசினோம். அந்த அறைக்கு அவன் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். மனசு அங்கேதான் இருந்தது என்பதும் தெரியும்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். அன்று திங்கட்கிழமை இல்லை. உடம்பெல்லாம் தகரத்தூளோடு குணசேகரன் என் அறைக்குள் ஓடி வந்தான். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைக் கட் பண்ணினான். உடனே மறுபடி அடித்தது.

“அண்ணன் கூப்பிடறாரு மேடம். பிரகாஷும் ஒரு பொண்ணும் ஊரை விட்டுப் போயிட்டாங்க. அண்ணனோட சொந்தக்காரப் பொண்ணு. காலைல பிரகாஷ் எங்கிட்டதான் வண்டி வாங்கிட்டுப் போனான். எங்க போறான்னும் சொன்னான்.”

அவனுக்குத் தம்மம்பட்டி என்று பெயர் வைத்த அதே பிரகாஷ். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அத்தை வீடு இருக்கிறது, இரண்டு நாள் அங்கே இருப்போம் என்று சொல்லியிருக்கிறான்.

மாவட்டச் சமூகநல அலுவலரை எனக்குத் தெரியும். உடனே அவருக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னேன். பாதுகாப்புக்குப் போலீஸை அழைத்துக்கொண்டு வண்டி கிளம்பக் கொஞ்சம் நேரமாகும் என்றார். அந்த நேரம் எங்களிடம் இல்லை. குணசேகரன் போனை எடுக்காவிட்டால் இவனுக்கு ஏதோ தெரியும் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். பிரகாஷின் சொந்தக்காரர்கள் வீடு ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். எடுத்தால், நிபந்தனையை மீறிப் பேசினான் என்று நானே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எனக்கு இருந்த பயம் வேறு. இவனை எழுந்து நின்று வரவேற்ற ஒரே இடம் அது. அந்தக் குரல் அன்பாகக் கேட்டால் சொல்லிவிடுவானா?

போனை வாங்கி நானே பேசியிருக்கலாம். ‘நான் அரசு அலுவலர் பேசுகிறேன்’ என்றால் அந்த ஆள் வைத்துவிடுவார். ஆனால் அதையே நூலாகப் பிடித்துத் தேடுவார்கள், இவனைக் காட்டிக்கொடுத்தவன் என்பார்கள். இன்னொன்றும் இருந்தது. நான் பேசினால் அது என் முடிவு, அவன் முடிவாக இருக்காது. அவன் முகத்தைப் பார்த்தேன். “எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க” என்றேன். என் விரலைச் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே வைத்திருந்தேன். ஊர்ப் பெயரின் முதல் எழுத்து வாயில் வந்தால் கட் பண்ணிவிடுவது என்று இருந்தேன். இரண்டு உயிர் அந்த விரலில் இருந்தது.

“ஏனுங்க தம்பி, எங்க இருக்கறீங்க? சாப்ட்டாச்சுங்களா?”

“சாப்ட்டேனுங்க.”

“அந்தப் பெயிண்டர் பையன் உங்க வண்டியத்தான் எடுத்துட்டுப் போயிருக்கறானாமா. எங்க போயிருக்கறான்னு மட்டும் சொல்லிப்போடுங்க. நாம ஒண்ணும் பண்ணப் போறதில்லீங்க. நம்ம புள்ளைய ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும், அவ்வளவுதானுங்க.”

குரலில் அவ்வளவு பரிவு இருந்தது. எனக்கே ஒரு கணம் நம்பத் தோன்றியது. குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டான். நான் விரலை இன்னும் கீழே கொண்டுபோனேன்.

“எனக்குத் தெரியாதுங்க.”

“தெரியாதுங்களா? நெசமாலுமுங்களா?”

“தெரியாதுங்க அண்ணா.”

பிறகு வேறு குரல் வந்தது. ஆள் அதே ஆள்தான்.

“டேய் தம்மம்பட்டி. பெரிய மனுசங்கிட்டப் பேசத் தெரியாம செவுட்டுல அறை வாங்குன நாய்டா நீ. உன்னைய மனுசனாக்குனது நாங்கடா.”

போன் அணைந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை ‘நாம’ என்று இருந்தது, இப்போது ‘நாங்க’ ஆகிவிட்டது. பட்டறையில் வைத்த அந்தப் பட்டப்பெயர் தலைவருக்குத் தெரியும் என்பதே குணசேகரனுக்கு அன்றுதான் தெரிந்தது. முழுப் பெயரைச் சொல்லி வரவேற்ற நாளிலும் அவருக்கு அது தெரிந்திருக்கும்.

மாலைக்குள் அந்தப் பையனையும் பெண்ணையும் போலீஸ் பத்திரமாக அழைத்துப் போய்விட்டதாகச் சமூகநல அலுவலரிடமிருந்து தகவல் வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டேன். குணசேகரன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்துத் தட்டிக்கொடுக்கப் போனேன்.

“என்னைய ‘டேய்’னுட்டாரு மேடம்” என்றான்.

வீட்டில் இழவு விழுந்தவன் அழுகிற மாதிரி அழுதான். எனக்கு அவன்மேல் இரக்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. அவ்வளவு கேவலமாகப் பேசிய ஆளுக்காக அழுகிறாயே என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. ஒரு கூட்டத்தை விட்டு வெளியே வருகிறவன் தன் கொள்கையை இழப்பதாக நாம் நினைக்கிறோம். அவன் தன் மனிதர்களை இழக்கிறான். அந்தத் துக்கத்தை நாம் மதிக்காவிட்டால் வேறு ஒருவர் வந்து மதிப்பார். அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடத்தை ஏன் தலைவரிடம் சொல்லவில்லை என்று பிறகு ஒரு திங்கட்கிழமை அவனிடம் கேட்டேன். பிரகாஷ் மேல் அவனுக்கு ஒரு பிரியமும் கிடையாது.

“கோர்ட்ல அந்த ஜெராக்ஸ் கடை அக்கா சாட்சி சொல்ல வந்துச்சே மேடம். கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பேனா நிக்கல. கடைசில எடது கையில ரேகை வெச்சுது. ஊருக்கே எழுதிக் குடுத்த அக்கா” என்றான். “அதுக்கப்பறம் நான் கொள்கை எல்லாம் சொல்லுவேன், உங்ககிட்டயும் சொல்லியிருக்கேன். ஆனா அந்தக் கை ஞாபகம் வரும்.”

நான் கொடுத்த உபதேசம் ஒன்றுகூட அந்தப் பதிலில் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

போன் பேசியதை மறைக்காமல் நீதிமன்றத்துக்கு எழுதினேன். மாஜிஸ்திரேட் நடவடிக்கை தேவையில்லை என்று முடித்துவிட்டார். அடிப்பார்கள் என்று குணசேகரன் பயந்துகொண்டிருந்தான். யாரும் அடிக்க வரவில்லை. கடைவீதியில் எதிரே வந்தால் அங்கே அப்படி ஒருவன் இல்லாததுபோலப் போனார்கள். அடித்திருந்தால் பரவாயில்லை மேடம் என்று ஒரு நாள் சொன்னான். பிரகாஷ் வண்டியை யாரிடமோ கொடுத்தனுப்பினான். ஒரு போன் கூடப் பண்ணவில்லை. பட்டறையில் அவன் இன்னும் தம்மம்பட்டிதான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாரத்தில் ஒரு மாலை மட்டும் மிச்சமிருந்தது.

நான் ஓய்வு பெற்றேன். அடுத்த மாதமே அவனுடைய கண்காணிப்புக் காலமும் முடிந்தது. என் இடத்துக்கு வந்தவர் உங்களைப் போல இளம் வயது, திறமையானவர், நல்ல மனசு. என் பென்ஷன் காகிதத்துக்காக அவரிடம் பேசியபோது, குணசேகரன் வருகிறானா என்று கேட்டேன்.

“முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமையும் வந்திருந்தார் மேடம். பீரியட் முடிஞ்சிருச்சு, இனி வர வேண்டியதில்லைன்னு சொல்லிட்டேன். நல்லபடியா முடிச்சீங்கன்னு கை குடுத்து அனுப்பினேன்.”

அவர் செய்ததில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. கை கொடுத்திருக்கிறார், அதுகூட நம்மில் பலர் செய்வதில்லை. குணசேகரனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பேருந்து ஏறி நாமக்கல் பட்டறைக்குப் போனேன்.

“தம்மம்பட்டிங்களா? சாயந்தரமானா பழையபடி அந்த மாடிக்கே போயிடறான் மேடம்” என்றார் பட்டறைக்காரர்.

அந்த மாடிப்படியில் அன்றுதான் முதல் தடவையாக ஏறினேன். இத்தனை வருஷம் காகிதத்தில் எழுதிய இடம். சுவரில் வெறி பிடித்த வாசகங்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, யாரோ ஒரு பெரியவருக்குப் பட்டா மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. குணசேகரன் தட்டில் டீ வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். தலைவர் எழுந்து நின்றார்.

“வாங்க மேடம், உக்காருங்க. ரிட்டையர்டு ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. எந்த ஆர்டர்ல வந்திருக்கறீங்க?” என்று சிரித்தார்.

“ஆர்டர் ஒண்ணும் இல்லைங்க. தெரிஞ்ச பையன், பாக்கலாம்னு வந்தேன்.” குணசேகரன் பக்கம் திரும்பினேன். “கொஞ்சம் கீழ வர்றீங்களா?”

எனக்கு அந்த அறையில் ஒரு அதிகாரமும் இல்லை. அவன் வரமாட்டேன் என்றால் தனியாகத்தான் இறங்க வேண்டும். குணசேகரன் தலைவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு என் பின்னால் இறங்கினான்.

பேருந்து நிறுத்தம் வரை பேசாமல் நடந்தோம். திட்டத்தான் போனேன். அந்த அக்காவின் கையை மறந்துவிட்டாயா என்று கேட்கத்தான் போனேன். அவன் முந்திக்கொண்டான்.

“அண்ணன் ஆள் அனுப்புனாரு மேடம். பழசையெல்லாம் மறந்துட்டோம், வாங்கன்னாரு. அவருக்குத் துரோகம் பண்ணுனவன் நான். என்னைய மன்னிச்சுட்டாங்க.” கொஞ்ச தூரம் நடந்து நின்றான். “உங்க ஆபீஸ்ல நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். ஒரு வாரம் தவறல. அங்க நான் என்ன தப்புப் பண்ணுனேன் மேடம், இனி வராதன்னு சொல்றதுக்கு?”

அவன் பேசியது முழுக்கத் தம்மம்பட்டிப் பேச்சு. அதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்து வையுங்கள், உங்களிடமும் ஒருவன் கேட்பான். சேலம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஏறவில்லை.